என் செவ்வாய்க்கிழமை

புதுசாம்மா? இல்ல, ஃபைலு மொடமொடன்னு இருக்கே, அதான் கேட்டேன். என் ஃபைலப் பாரு, மூலையெல்லாம் மடங்கி, மேல மாவு ஒட்டிக் காஞ்சு கெடக்கு. அஞ்சு வருசமாச்சுல்ல. உக்காரு, நான் நகந்துக்கிறேன். உனக்கு எத்தனாம் நம்பரு? நாப்பத்தொண்ணா? இப்பத்தான் பதினெட்டு போயிருக்கு. எனக்கு இருபத்தாறு. நீ வீட்டுக்குப் போகச் சாயங்காலம் ஆயிரும்.

எங்க, கையக் காட்டு. ம். இந்த நடு முட்டியில வீங்கியிருக்கு பாரு, எனக்கும் இங்கதான் ஆரம்பிச்சுது. காலையில மடக்க முடியலையா? சீப்பு புடிக்க முடியாது, ஜாக்கெட்டு ஊக்கு போட முடியாது, தெரியும் தெரியும். பயப்படாத. மருந்து குடுப்பாங்க. வீக்கம் போயிரும், வலியும் முக்காவாசி போயிரும். நான் ஒண்ணும் பொய் சொல்லல, இந்தா பாரு, மடக்குறேன், விரிக்கிறேன். முன்னெல்லாம் இந்தக் கையி டம்ளரக் கூடப் புடிக்காது.

நான் சொல்ல வந்தது வேற. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்புடுற மாத்திரைன்னு ஒண்ணு எழுதுவாங்க. தெனமும் இல்ல, வாரத்துக்கு ஒரே நாள். மறந்து தெனமும் போட்டுட்டா உசுருக்கே ஆபத்துன்னு அவங்களே பத்துத் தடவ சொல்லுவாங்க. எந்தக் கிழமை வேணும்னு உன்னையத்தான் கேப்பாங்க. அப்பத் தொறந்த வாய மூடாம ஏதோ ஒரு கிழமையச் சொல்லிராத. யோசிச்சுச் சொல்லு. மாத்திரை போட்ட மறுநாள் உனக்குன்னு வர்ற நாளு. அத நீ புடிச்சு வச்சுக்கலைன்னா வீட்டுல இருக்கறவங்க எடுத்துக்குவாங்க.

புரியலையா? சொல்றேன் கேளு. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக்க. தூணுகிட்ட நீலச் சட்டை போட்டு நின்னு ஃபோன் பேசுறாருல்ல, எங்க வீட்டுக்காரரு. காதுல விழுந்துறப் போகுது.

நாங்க திண்டுக்கல்லு. இட்டிலி மாவுக் கடை. அவரு பேர நான் சொல்றதில்ல, கடை பேரச் சொல்றேன், ஜெகதீஸ் இட்லி மாவு. எங்க ஏரியாவுல கேட்டாச் சொல்லுவாங்க. தங்கமானவரும்மா. குடி கெடையாது, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, கல்யாணம் ஆன நாள்லருந்து என் மேல கை வச்சது கெடையாது. இந்தா, ஒவ்வொரு தடவையும் கடையப் போட்டுட்டு மதுரை வரைக்கும் கூட வர்றாரு பாரு. எத்தனை ஆம்பள வர்றான்? அப்புறம் எங்க நாத்தனா, மதினின்னு கூப்புடுவேன். புருசன் போனதுலருந்து எங்க கூடத்தான் இருக்காங்க. கல்லாவுல உக்காருவாங்க. பொண்ணு ஒண்ணு, கோயமுத்தூர்ல ஆஸ்டல்ல படிக்கிறா. இவ்வளவுதான் குடும்பம்.

மாவு வேலை உனக்குத் தெரியுமா? சும்மா கிரைண்டர்ல போட்டு எடுக்கிறதுன்னு நெனைக்காத. அரிசி களையணும், உளுந்து களையணும், ஆட்டணும், அள்ளணும், கல்லத் தூக்கிக் கழுவணும், கவர்ல ஊத்தி முடிச்சுப் போடணும். அந்த முடிச்சுல தாம்மா என் சீக்கு தெரிஞ்சுது. ஒரு நா விரலு முடிச்சுப் போட மாட்டேன்னுருச்சு. மதினி, மாவு லீக்காகுதுன்னு கஸ்டமரு சத்தம் போடுறாங்க, நீ எந்த ஞாபகத்துல கட்டுறன்னு கேட்டாங்க. ஆறு மாசம் சுளுக்கு வழிச்சு, எண்ணெய் தேச்சு, அப்புறம் இங்க வந்து சேந்தோம்.

மாத்திரை கேட்டுச்சு. கேக்கலைன்னு சொன்னா நாக்கு அழுகிரும். நாலு மாசத்துல வீக்கம் வடிஞ்சுது. ரத்தம் எடுத்துப் பாத்து, எல்லாம் நார்மல்னு எழுதிக் குடுத்தாங்க. அன்னைக்கு அவரு முகத்தப் பாக்கணுமே. பஸ் ஸ்டாண்டுல எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் குடுத்தாரு. அந்த ரிப்போர்ட்ட மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் எடுத்துக் காட்டுவாரு, எங்க வீட்டம்மாவுக்கு நார்மல் ஆயிருச்சுன்னு.

ஆனா அசதி போகலம்மா.

எப்புடிச் சொல்றது. வலின்னா இங்கன்னு விரல வச்சுக் காட்டலாம். இது எங்கன்னு காட்டுறது? தூங்கி எந்திரிச்சாலும் தூங்காத மாதிரி இருக்கும். நனைஞ்ச சாக்க முதுகுல போட்டு, இதோட போயி வேலையப் பாருன்னு விட்ட மாதிரி. குளிச்சுட்டு வந்து தல தொவட்டக் கையத் தூக்குனாப் போதும், உக்காந்துருவேன். நடக்க முடியுது. மாடி ஏற முடியுது. எந்திரிக்கத்தான் முடியல, அது என்னா கணக்குன்னு எனக்கே தெரியாது.

ஒரே ஒரு தடவ அவருகிட்டச் சொன்னேன். ஏங்க, ரொம்ப அசதியா இருக்குன்னு. அவரு என்ன பண்ணுனாரு தெரியுமா? ஒண்ணும் திட்டல. சட்டைப் பையிலருந்து அந்த ரிப்போர்ட்ட எடுத்து வாசிச்சாரு. வரி வரியா. இது நார்மல், இது நார்மல், இதுவும் நார்மல். அப்புறம் எங்கிட்ட, தமயந்தி, நீ மனசுல சீக்காளின்னே நெனைச்சுக்கிட்டு இருக்க, அத விடுன்னாரு. சாயங்காலம் சத்து டானிக்கு ஒரு பாட்டிலு வாங்கிட்டு வந்தாரு. என்ன குத்தம் சொல்ல முடியும்? மதினி கல்லாவுலருந்தே சொன்னாங்க, எங்களுக்கெல்லாம் அசதி இல்லையா, நாங்க சொல்றதில்லன்னு. அவங்க முட்டியப் புடிச்சுக்கிட்டுத்தான் படி ஏறுவாங்க, ஆனா அது வயசும்மா. கல்லு மாதிரி ஒடம்பு அவங்களுக்கு.

ஆனா வாந்திக்கு மரியாத இருக்கு பாரு. அது எனக்குப் போகப் போகத்தான் தெரிஞ்சுது.

மொதல்ல அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல. திங்கக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் போடுவேன், செவ்வாக்கிழமை பூரா வாந்தி. நெசமான வாந்தி. கொடலு வெளிய வர்ற மாதிரி. அவரு பயந்துட்டாரு. பின்னாடி சாக்கு அடுக்குற ரூம ஒழிச்சு ஒரு கட்டிலப் போட்டுக் குடுத்தாரு. நீ செவ்வாக்கிழமை எந்திரிக்கவே கூடாது, அக்கா பாத்துக்கிரட்டும்னுட்டாரு. மதினியும் ஒரு வார்த்த சொல்லல. அவங்களே ரசம் வச்சு வாசல்ல வச்சுட்டுப் போனாங்க.

நான் தான் செவ்வாய்னு வச்சேன், அது என் கெட்டிக்காரத்தனம். சனி, ஞாயிறு மாவுக் கடையில மூச்சு விட முடியாது. வெள்ளின்னா வீடு கழுவுறது, கோயிலு. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் ஆபீசுன்னு ஓடுற சனம் காலையிலயே வந்து நிக்கும். செவ்வாக்கிழமை தான் வியாபாரம் மந்தம். அதுனால யாருக்கும் உறுத்தல. அதான் உங்கிட்டயும் சொல்றேன், பாத்துப் புடி.

அந்த ஒரு நாளு எப்புடி இருக்கும் தெரியுமா? பக்கெட்டு ஒண்ணு கட்டிலுக்குப் பக்கத்துல வச்சுக்குவேன். அந்தப் பக்கெட்டு இருக்குற வரைக்கும் ஒரு ஆளு உள்ள வராது. ஜன்னல் வழியா எதுத்த வீட்டு மாடியில துணி காயிறது தெரியும். அதையே பாத்துக்கிட்டுக் கெடப்பேன். அந்த வீட்டம்மா பெட்சீட்ட உதறிப் போடும், காத்துல அது ஆடும். சாக்கு வாசன, வெந்தய வாசன. தூங்குறதுன்னு இல்ல. யாரும் தமயந்தின்னு கூப்புட மாட்டாங்க, அம்புட்டுதான். நான் கல்யாணம் ஆகி வந்து இருவத்திரண்டு வருசம் ஆச்சு, பகல்ல படுத்தது பிரசவத்துக்கும் இந்த மாத்திரைக்கும் தான்.

இப்ப நான் சொல்றத நீ வெளிய சொல்லக் கூடாது. உன் பேரே எனக்குத் தெரியாது, அதுனாலதான் சொல்றேன்.

வாந்தி நின்னுருச்சும்மா. ரெண்டு வருசமாச்சு. டாக்டரம்மா கூடவே ஒரு சத்து மாத்திரை குடுத்தாங்க, அதுல நின்னு போச்சு. இப்ப அந்த மாத்திரை போட்டா எனக்கு ஒண்ணுமே பண்ணாது. வெத்தல பாக்கு போட்ட மாதிரி தான்.

நான் நிப்பாட்டல. மாத்திரைய இல்ல, வாந்திய. செவ்வாக்கிழமை காலையில நாலு தடவ ஓங்கரிச்சுக் காட்டுவேன். பக்கெட்டுல தண்ணிய ஊத்துவேன், சத்தம் கேக்கணும்ல. எலுமிச்சங்கா ஊறுகாயத் தொட்டு நக்கிக்கிட்டு மொகத்தச் சுளிப்பேன். சிரிக்காத. ஒனக்குச் சிரிப்பா இருக்கு. எனக்கும் மொதல்ல சிரிப்பா தான் இருந்துச்சு.

பொய்யின்னு சொல்றியா? வாந்தி பொய். படுக்குறது பொய் இல்லையே. அசதி நெசம், அத யாரும் நம்பல. வாந்தி பொய், அத எல்லாரும் நம்புறாங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

டாக்டர்கிட்டச் சொல்லலையான்னா, எப்பச் சொல்றது? உள்ள போனதும் எங்க வீட்டுக்காரருதான் பேசுவாரு. எல்லாம் விவரமாச் சொல்லுவாரு, எழுதி வச்சுக்கிட்டு வருவாரு. நான் கையத்தான் நீட்டுவேன். அந்த டாக்டர் புள்ள அமுக்கிப் பாக்கும், வலிக்குதாம்மாங்கும், இல்லம்பேன். நல்ல புள்ள, சின்ன வயசு, என் பொண்ணவிட எட்டு வயசு கூட இருந்தா அதிகம். வெளிய நாப்பது பேரு உக்காந்திருக்கோம். அதுக்கும் மூச்சு விட நேரமில்ல.

ஒரு தடவ தானாக் கேட்டுச்சு, ஒடம்ப அசைக்கிறீங்களா, நடக்கிறீங்களான்னு. மருந்து மட்டும் போதாதாம். சத்து எறங்கிப் போன ஒடம்ப நடந்து நடந்துதான் ஏத்தணுமாம், நடந்தா அசதியும் கொறையுமாம். தெனமும் அர மணி நேரம் சும்மா நடங்கன்னு சொல்லிச்சு. சும்மாங்கிற வார்த்தைய அது ரெண்டு தடவ சொல்லிச்சு. பந்து ஒண்ண அமுக்கச் சொல்லிச்சு.

எங்க வீட்டுக்காரரு டாக்டர் சொன்னா வேதம். மறுநாளே ஏற்பாடு பண்ணிட்டாரு. எதுக்குச் சும்மா நடக்கணும், ரெண்டு தெரு தள்ளிப் பத்து வீடு நம்ம வாடிக்க, மாவுக் கவரக் குடுத்துட்டு அப்படியே நடந்து வா, நடைக்கு நடையும் ஆச்சுன்னாரு. இப்பப் பத்து வீடு இருபத்தி மூணு வீடாயிருச்சு. அதுல மாடி வீடு ஏழு. பந்துக்குப் பதிலா உளுந்த மாவு கரைக்கிறது. உப்புப் போட்டுக் கையால கரைச்சாத்தான் மாவு பொங்கும், மிசினுல அது வராது. கைக்கும் நல்லதுன்னாரு. நெசமாவே நல்லதுதான் போல, வெரலு நல்லா மடங்குது. நான் கஷ்டப்படுறேன்னு சாய்ச்சு ஊத்துற கிரைண்டரு வேற வாங்கிப் போட்டாரு, கல்லத் தூக்க வேணாம். எனக்காகத்தான் வாங்குனாரு. அது பெருசா இருக்கா, இப்ப முன்னைக்கு ரெண்டு மடங்கு ஆட்டுறோம்.

குத்தம் சொல்லலம்மா. எல்லாம் எனக்காகத்தான்.

இன்னைக்கு என்னா சிக்கல்னா, இன்னைக்கு நடக்க விடுவாங்க. ஆறு நிமிசம். அந்த வராண்டாவுல ரெண்டு பக்கமும் செவப்பு கூம்பு வச்சிருக்காங்க பாரு, அதுக்கு நடுவுல போயிப் போயி வரணும். எத்தன மீட்டருன்னு எழுதுவாங்க. போன தடவ முன்னூத்தி நாப்பது. இன்னைக்கு நான் நல்லா நடந்தேன்னு வையி, ஒடம்பு தேறிருச்சுன்னு அவரு இன்னொரு கடைய ஆரம்பிச்சுருவாரு. ஏற்கெனவே பேகம்பூருல எடம் பாத்து வச்சிருக்காரு. மெதுவா நடந்தேன்னு வையி, மருந்து பத்தல, ஊசியப் போடுன்னுருவாங்க. வேணும்னே சுணங்கி நடந்து, இல்லாத சீக்குக்கு ஊசி வாங்கிக்கிறதா? பஸ்ஸுல வரும்போது பூரா இதே யோசனை.

அது மட்டும் இல்ல. வாடிப்பட்டி தாண்டுனதும் அவரு எங்கிட்டச் சொல்றாரு, தமா, உன் வாந்தியப் பத்தி நான் இன்னைக்கு டாக்டர்கிட்ட கறாராக் கேக்கப் போறேன், சத்து மாத்திரை குடுத்தும் ரெண்டு வருசமா நீ படுற பாட்டப் பாத்துக்கிட்டு இருக்க முடியலங்கிறாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. நெசமாக் கலங்கிருச்சும்மா. எனக்கு அப்பத்தான் வயித்தப் பெரட்டுச்சு.

எப்பவும் சொல்லி நிப்பாட்டுற மாதிரி, வேணாங்க, பழகிருச்சுங்கன்னேன். நீ சும்மா இரு, உனக்கு வாயில்லன்னுதான் நான் வர்றேன்னாரு.

இருபத்தி நாலா கூப்புட்டாங்க? கதவு தொறந்துருச்சு. வரிசை வேகமாப் போகுது. உள்ள விடுறதுக்கு முன்னாடியே நடக்கக் கூப்புடுவாங்க, நான் அங்கன போயி நிக்கிறேன். இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்க. உள்ள ரெண்டு இட்டிலி இருக்கு, பசிச்சா எடுத்துச் சாப்புடு, எங்க மாவுதான்.

*

இருக்கியா? நல்ல வேள. கொஞ்சம் உக்காந்துக்கிறேன். அவரு மருந்து வாங்கப் போயிருக்காரு, அங்கயும் வரிசை நிக்குது.

நடந்தேம்மா. மெதுவா நடக்கணும்னுதான் எறங்குனேன், சத்தியமா. நடக்க விடுற பொண்ணு ஒண்ணு, விரல்ல கிளிப்ப மாட்டி, கடியாரத்த அமுக்கி, போங்கம்மான்னுச்சு. மொத ரவுண்டு அன்ன நட தான். ரெண்டாவது ரவுண்டுல என்னான்னு தெரியல. கையில கவர் இல்ல. படி இல்ல. எந்த வீட்டு மணியையும் அடிக்க வேணாம், ஏம்மா இன்னைக்கு லேட்டுன்னு யாரும் கேக்கப் போறதில்ல. வராண்டாவுல சனமெல்லாம் எனக்காக ஒதுங்கி வழி விடுது. காலு பாட்டுக்குப் போயிருச்சு. நான் நிறுத்தணும் நிறுத்தணும்னு நெனைக்கிறேன், அது போகுது. ஒடம்புல தெம்பு இருந்து போகல, ஆசையில போச்சு. நானூத்திப் பத்து.

அந்தப் பொண்ணு கை தட்டுச்சு. இவரு தூணுகிட்டருந்து ஓடி வந்து, எத்தன எத்தனன்னு எட்டிப் பாக்குறாரு. எனக்கு மூச்சு வாங்குது, காலு கிடுகிடுங்குது. அப்ப அந்தப் பொண்ணு ஒரு அட்டைய எடுத்துச்சு. சைபர்லருந்து பத்து வரைக்கும் போட்டிருக்கு. அசதியே இல்லைன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து, இப்ப உங்க அசதி எத்தனம்மான்னு கேட்டுச்சு. இந்த நிமிசத்துக்கு ஒரு நம்பரு, மத்தபடி வீட்டுல இருக்கறப்ப எப்பவும் எப்புடி இருக்கும்னு இன்னொரு நம்பரு.

நான் அந்த அட்டையவே பாத்தேன். என்னைய யாரும் இப்புடிக் கேட்டதே இல்ல. அசதின்னு பேரு போட்டு, நம்பரு போட்டு, அட்ட அடிச்சு வச்சிருக்காங்க. அப்ப ஊருல இருக்கு அது. எனக்கு மட்டும் இல்ல. மனசுல சீக்காளின்னு நெனைச்சுக்கிறது இல்ல.

அவரு குனிஞ்சு பாத்தாரு. பாத்துட்டு, ரெண்டுக்கும் மூணு போட்டுக்கம்மான்னாரு.

அந்தப் பொண்ணு பேனாவ அட்டையில வைக்கல. அவங்க சொல்லட்டும் சார்னுச்சு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னுச்சு, ஆனா வைக்கல. எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிது. அவரும் பாக்குறாரு. ரெண்டு பேரும் எனக்காக நிக்கிறாங்க தங்கச்சி. நான் வாயத் தொறந்தேன்.

மூணுன்னேன்.

ஏன்னு கேக்காத. வாயில அதுதான் வந்துச்சு. அவரு சொன்னதுக்கப்புறம் நான் ஒம்போதுன்னா அவரு மொகம் என்ன ஆகும்? அத்தன பேரு முன்னாடி? தங்கமானவரு.

அப்புறம் உள்ள. டாக்டரம்மா நானூத்திப் பத்தப் பாத்துச்சு, மூணப் பாத்துச்சு, ரொம்ப நல்லா இருக்கீங்கம்மான்னுச்சு. மருந்து நல்லா வேல செய்யுது, இப்படியே போகட்டும்னுச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இப்படியே போகட்டும்னா என் செவ்வாய் இருக்குல்ல. நான் எந்திரிச்சுட்டேன்.

இவரு எந்திரிக்கல. பைக்குள்ள இருந்து சீட்ட எடுத்தாரு. மேடம், ஒரே ஒரு கொற, சத்து மாத்திரை குடுத்தும் இந்த மாத்திரை போட்டா மறுநாள் பூரா வாந்தி, ரெண்டு வருசமா, எம் பொண்டாட்டி வாயத் தொறந்து சொல்ல மாட்டா, நான் சொல்றேன்னாரு. தேதி வாரியா எழுதி வச்சிருக்காரும்மா. ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் எத்தன தடவ ஓங்கரிச்சேன்னு. வெளிய நின்னு எண்ணியிருக்காரு. கடையில நின்னு, மாவு அள்ளிக்கிட்டே, காதக் குடுத்து எண்ணியிருக்காரு.

டாக்டரம்மா எம்பக்கம் திரும்பி, அப்படியாம்மா, ஏன் சொல்லலன்னு கேட்டுச்சு. இல்லைன்னா ரெண்டு வருசமா நடிச்சேன்னு ஆகும். அவரு அந்தச் சீட்டக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு. தலைய ஆட்டுனேன்.

அப்ப இந்த மாத்திரைய நிப்பாட்டிருவோம்னுச்சு. வேற எழுதுறேன், தெனமும் ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது, நீங்க ஒரு நாளும் படுக்க வேணாம்னுச்சு. பாவம், சந்தோசமாத்தான் சொன்னுச்சு. வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மான்னும் கேட்டுச்சு. நல்லாத்தான் கேட்டுச்சு. நான் இல்லம்மான்னேன்.

வெளிய வந்ததும் மதினிக்கு ஃபோனப் போட்டாரு. அக்கா, இனிமே அவளுக்கு வாந்தி கெடையாது, செவ்வாக்கிழமையும் ஒன்னைக் கஷ்டப்படுத்த வேணாம்னாரு. அங்கருந்து மதினி என்னமோ சொன்னாங்க. இவரு ஃபோன காதுலருந்து எடுத்துட்டு எங்கிட்டச் சொல்றாரு, அக்கா அழுகுதுங்கிறாரு. எதுக்கு அழுகணும் அவங்க? சந்தோசத்துல இருக்கும்.

நல்ல சேதி தான. ஊரே சந்தோசப்படுது. எனக்கு மட்டும் ஏன் கண்ணுல தண்ணி வருதுன்னு தெரியல. சீக்கு வந்தப்பக் கூட நான் அழுகல தெரியுமா?

இல்லம்மா, தொடைக்க வேணாம், எங்கிட்ட முந்தானை இருக்கு.

நெசமா எத்தனைன்னா? எட்டு. காலையில எட்டு, மாவு ஆட்டி முடிச்சா ஒம்போது, இருபத்தி மூணு வீடும் குடுத்துட்டு வந்தா அந்த அட்டையில எடம் இல்ல. இந்தா, ஒங்கிட்டச் சொல்ல முடியுது பாரு. எட்டுன்னு. எம்புட்டுச் சின்ன வார்த்த.

டாக்டரம்மாகிட்டயா, இப்பப் போயா? உள்ள ஆளு இருக்கே. இல்லையா? ஆமா, கதவு தொறந்துதான் கெடக்கு. தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கு அந்தப் புள்ள. பத்தடி இருக்குமா? போயி என்னன்னு ஆரம்பிக்கிறது. மேடம், வாந்தி பொய், அசதி நெசம்னா? அப்படித்தான் சொல்லணுமா? நீ கூட வர்றியா? வேணாம், ஒனக்கு நம்பரு போயிரும். நானே போறேன். புடிச்சுக்க, எந்திரிக்கிறேன். மொத எந்திரிக்கிறதுதான் கஷ்டம், அப்புறம் நடந்துருவேன்.

நீயும் நல்லாக் கேட்டுக்க. கிழமைய விடு, அத நான் தப்பாச் சொல்லிட்டேன். எத்தனைன்னு கேக்கும்போது உன் வீட்டுக்காரர வெளிய நிக்கச் சொல்லு. நிக்கச் சொல்லிட்டு, எத்தனையோ அத—

இதோ வந்துட்டேங்க. வாங்கிட்டீங்களா? ஆறு மாசத்துக்கும் சேத்தா? இல்லைங்க, இங்கதான் இந்தப் பொண்ணுகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். எட்டா? ஒண்ணுமில்லைங்க, சும்மா என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தோம். மூணு மணி பஸ்ஸா, புடிச்சுரலாம். அரிசி ஊறப் போட்டது மதினிக்கு ஞாபகம் இருக்கும்ல? வர்றேம்மா, ஒடம்பப் பாத்துக்க. என்னங்க, அந்தப் பைய ஏன் நீங்க தூக்குறீங்க, இங்க குடுங்க. குடுங்கன்னா. அதான் நல்லா நடக்குறேனே.